மேட்டு மலையில் கேரவன் பூங்கா: பிரதேச சபையிடம் நாம் கேட்க வேண்டியவை

(தோட்டக் கிளைகளின் பொதுக் கூட்டத்தில், ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



இன்று பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் மேல் டிவிஷனில் பல வருடமாகக் காடேறிக் கிடக்கும் மலையில், சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு கேரவன் பூங்கா அமைக்க பிரதேச சபைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. 20 வாகனம் நிற்க இடம், குளியலறை, மலசலகூடம், ஒரு சமையல் கட்டடம், சிறிய உணவுச்சாலை என்று வரைபடத்தில் இருப்பதாகச் சபை உறுப்பினர் ஒருவர் மூலம் அறிந்தோம். அளவைக்காரர்கள் வந்து சிவப்புப் பெயின்ட் பூசிய ஆப்புகளை அடித்துவிட்டுப் போன பிறகுதான் நாமே விசாரிக்கத் தொடங்கினோம். மலையின் அடியில் குடியிருக்கும் நமக்கு இதுவரை யாரும் ஒரு கடிதம் தரவில்லை.

இதைப் பற்றி மூன்று விதமான பேச்சு நடக்கிறது. இளைஞர்கள் சொல்கிறார்கள்: "கொழும்பில் கடையில் நின்று சாப்பாட்டுக்கும் அறைக்கும் கொடுத்து மிச்சமில்லாமல் வருவதைவிட, இங்கேயே ஒரு வேலை கிடைத்தால் நல்லதுதானே." பெரியவர்கள் சொல்கிறார்கள்: "பீலித் தண்ணியும் போச்சு, விறகுப் பாதையும் போச்சு." மூன்றாவது பேச்சு பிரட்டுக்களத்தில் நடக்கிறது: "மேலே முடிவெடுத்தாச்சு. நாம பேசி என்ன ஆகப்போகுது?"

முதல் இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. மூன்றாவது பேச்சுத்தான் தவறு. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. விண்ணப்பம் போட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவே சில மேசைகள் இருக்கின்றன. அந்த மேசைகளில் நம் கடிதமும் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

கேரவன் பூங்கா என்றால் என்ன?

கேரவன் என்றால் சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வாகனம் என்று வகுப்பில் பிள்ளைகள் சொன்னார்கள். சரிதான். படுக்கை, அடுப்பு, குளியல், மலசலகூடம் எல்லாம் உள்ளே இருக்கும் வீடுதான் அது, சக்கரத்தில் ஓடுகிறது. வானாகவே கட்டியதும் உண்டு, இன்னொரு வாகனம் இழுத்து வருவதும் உண்டு. அது நிற்கும் இடத்தில் மூன்று வசதி வேண்டும். பாரம் தாங்கும் சமதரை வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் வேண்டும், வாகனத்துக்குள் சேரும் கழிவை இறக்க ஒரு தொட்டி வேண்டும்.

ஹோட்டல் கட்டினால் மாடி எழும்புவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதில் பெரிய கட்டடம் இல்லை. "வாகனம் வரும், போகும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் சரிவான மலையில் 20 வாகனத்துக்குச் சமதரை வேண்டுமென்றால் மலையை வெட்ட வேண்டும். தண்ணீர் கொடுக்க ஊற்றை மறிக்க வேண்டும். பெரிய வாகனம் ஏற பாதையை அகலமாக்க வேண்டும். அதிலே பாதிக்கப்படுவது நாம்.

சிறிய திட்டம், சிறிய விசாரணை

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். 1988இல் அது திருத்தப்பட்ட பிறகு, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அவசியமானது. அந்த அறிக்கை வந்தால் மூன்று மொழியிலும் பத்திரிகை அறிவித்தல் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும்.

எது பெரிய திட்டம்? 1993 ஜூன் மாத வர்த்தமானியில் பட்டியல் இருக்கிறது. சுற்றுலா விடுதி என்றால் 99 அறைக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 40 ஹெக்டேயருக்கு மேல் இருக்க வேண்டும். நம் மலையில் வருவது அதன் பக்கத்தில்கூட வராது. காட்டு எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், அல்லது மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் என்று சில விசேட இடங்களுக்கு வேறு விதி உண்டு. மேட்டு மலையின் மேல் எல்லை காட்டைத் தொடுகிறது. ஆகவே இதை நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பெரிய திட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பத்திரிகையில் எழுதுவார்கள். சிறிய திட்டத்துக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அதற்குப் பெரிய வாசல் பிரதேச சபைதான். அந்த வாசலில் நாம் நிற்காவிட்டால் வேறு யாரும் நமக்காக நிற்கப் போவதில்லை.

நிலம் யாருடையது?

"கம்பனி நிலம், கம்பனி என்ன செய்தாலும் கேட்க முடியாது" என்று சிலர் சொல்கிறார்கள். நம் மலைநாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவை 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு அரசுக்கு வந்தவை. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு குத்தகை கொடுக்கப்பட்டது. 1992இலிருந்து 53 வருடக் குத்தகை, 2045இல் முடிகிறது. ஆகவே கம்பனி குத்தகைக்காரர். நிலம் அரசின் நிலம்.

அந்தக் கம்பனிகளில் அரசுக்குப் பொற்பங்கு என்று ஒரு விசேட பங்கு இருக்கிறது. திறைசேரிச் செயலாளர் பெயரில் இருக்கிறது. குத்தகைக் காணியை இன்னொருவருக்கு உபகுத்தகைக்குக் கொடுக்க வேண்டுமானால், பொற்பங்குக்காரரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதனால் முதல் கேள்வி இதுதான்: இந்தப் பூங்காவை நடத்தப் போவது தோட்டக் கம்பனியா, வெளி ஆளா? வெளி ஆள் என்றால் அந்தச் சம்மதக் கடிதம் விண்ணப்பத்தோடு இருக்கிறதா?

தோட்டத்தில் சுற்றுலா வருவது புதிதல்ல. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலை ஸ்டோரு 1990களிலேயே ஹோட்டலாகிவிட்டது. துரை பங்களாக்கள் பல விடுதியாகிவிட்டன. சுற்றுலாவை எதிர்த்து நாம் கொடி பிடிக்கவில்லை. நம் நிலம், தண்ணீர், பாதை பற்றிய தீர்மானத்தில் நம் பேச்சும் இருக்க வேண்டும் என்கிறோம்.

பிரதேச சபை வாசல் நமக்கு எப்போது திறந்தது?

இதைத் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளருக்கு வாக்கு இல்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மறு வருடம் பாராளுமன்ற வாக்கும் போனது. அந்தப் பிரச்சினை முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மலையைத் தேயிலையாக்கினார்கள். ஆனால் பக்கத்து ஊர்ச் சபையில் ஒரு கல்வெட்டுக் கானுக்குக்கூட மனுப்போட அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. நாம் வாக்குப் போட்டோம், நம் ஆட்கள் உறுப்பினர் ஆனார்கள். ஆனாலும் "தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது" என்று பதில் வந்தது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் பல வருடம் குரல் கொடுத்த பிறகு 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் பிரிந்து ஆறு சபைகளாயின. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் அப்படி வந்தவைதான்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி மறுபடி வாக்களித்தோம். ஆகவே இன்று சபையில் கேள்வி கேட்க நமக்கு ஆள் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டவர்களிடம் நாம் போய்க் கேள்வி கேட்கும் காலம் இது.

விண்ணப்பம் எந்தெந்த மேசைக்குப் போகும்?

இப்படியான வேலைக்குச் சபையின் அனுமதி வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உட்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமென்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். மற்ற இடங்களில் 1915ஆம் ஆண்டின் பழைய வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கட்டட அனுமதி.

விண்ணப்பம் வந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்ப்பார். மலசலகூடம், கழிவு, தண்ணீர் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். மலைப் பிரதேசம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். இவை சேர்ந்த பிறகு திட்டமிடல் குழுவில் பேசுவார்கள். கடைசியில் கையெழுத்து. சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்வது வேறு விஷயம். அந்தப் பதிவு இருந்தாலும் இந்த அனுமதி தனியாக வேண்டும்.

சபை மூன்று விதமாக முடிவெடுக்கலாம். கொடுக்கலாம், மறுக்கலாம், நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம். நமக்கு முக்கியமானது மூன்றாவது. வேலை முடிந்த பிறகு, அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறார்கள் என்று இணக்கச் சான்றிதழ் பெறாமல் இடத்தைத் திறக்க முடியாது. ஆகவே அனுமதிப்பத்திரத்தில் எழுதப்பட்ட நிபந்தனைக்குப் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. எழுதப்படாத வாக்குறுதிக்கு எந்தச் சோதனையும் இல்லை. "உங்கள் பீலியைத் தொடமாட்டோம், கவலைப்படாதீர்கள்" என்று கூட்டத்தில் சொல்லலாம். அடுத்த மாதம் சொன்னவர் மாற்றலாகிப் போவார். காகிதம்தான் மிஞ்சும். அதில் நம் பீலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலாவது: தண்ணீர்

கடந்த மார்ச் மாத வரட்சியில் நம் பாடசாலைப் பிள்ளைகள் கணிதப் பாடத்துக்காக மேட்டு லயத்துப் பீலியை அளந்தார்கள். 20 லீற்றர் வாளி நிறைய 2 நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 10 லீற்றர். ஒரு சொட்டும் வீணாகாமல் இரவும் பகலும் பிடித்தாலும் நாளுக்கு 14,400 லீற்றர். மேல் டிவிஷனில் சுமார் 300 பேர் இருக்கிறோம். ஆளுக்கு 48 லீற்றர். ஒரு ஆளின் தேவைகளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது மார்ச்சில் நாம் ஏற்கெனவே குறைவில்தான் இருக்கிறோம்.

இப்போது 20 வாகனம், வாகனத்துக்கு 3 பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். 6,000 லீற்றர். உணவுச்சாலையையும் வாகனம் கழுவுவதையும் சேர்க்கவில்லை. அதை இதே ஊற்றிலிருந்து எடுத்தால் நமக்கு மிஞ்சுவது 8,400. ஆளுக்கு 28 லீற்றர். குடித்து, சமைத்து, மலையிலிருந்து வந்து குளித்து, பிள்ளையின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இதற்குள் முடிக்க வேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இப்போது மழைக்காலம். அதிகாரி இந்த மாதம் வந்து பார்த்தால் பீலியில் தண்ணீர் கொட்டும். "தாராளமாக இருக்கிறதே" என்று எழுதிவிட்டுப் போவார். ஆகவே பிள்ளைகளின் மார்ச் மாதக் கணக்கைத் திகதியோடு நம் கடிதத்தில் இணைக்கிறோம். நாம் கேட்கும் நிபந்தனை: பீலிக்கு வரும் ஊற்றில் கை வைக்கக் கூடாது, தண்ணீருக்கு வேறு வழி என்ன என்பதை விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும்.

இரண்டாவது: கழிவு

கேரவனுக்குள் இருக்கும் மலசலகூடத்தின் கழிவு ஒரு பெட்டியில் சேரும். நாற்றம் வராமல் இருக்க அதற்குள் இரசாயனம் ஊற்றுவார்கள். சாதாரண மலக்குழியில் கழிவை மக்கச் செய்வது கிருமிகள்தான். சில இரசாயனங்கள் அந்தக் கிருமிகளையே கொன்றுவிடும். பிறகு குழி வேலை செய்யாது, நிரம்பி வழியும். மேலே வழிந்தால் கீழே வருவது நம் காய்கறித் தோட்டத்துக்கும் பீலிக்கும்தான்.

தொட்டி எங்கே, ஊற்றிலிருந்து எத்தனை மீற்றர், யார் இறைப்பார்கள், இறைத்ததை எங்கே கொண்டுபோவார்கள், சமையல், குளியல் தண்ணீர் எந்தக் கானில் விழும்? இவற்றுக்கு வரைபடத்தில் பதில் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் நம் மாதர் சங்கத் தலைவியும் கூட நிற்க வேண்டும்.

மூன்றாவது: மண்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நாம் மறக்கக் கூடாது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். மண்சரிவு அறிக்கை என்பது கோப்பில் வைக்கும் ஒரு தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மேட்டு மலையில் பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கான்கள் பாதி தூர்ந்து கிடக்கின்றன. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அங்கே வேலை செய்த நமக்குத் தெரியும். வெட்டி எடுக்கும் மண்ணை எங்கே கொட்டுவார்கள்? மண்ணைத் தாங்கும் சுவர் உண்டா? வாகனம் நிற்கும் தரையில் விழும் மழையெல்லாம் எந்தக் கானுக்குப் போகும்? மேலே நிற்கும் வாகனத்துக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் லயத்துக்கும் சேர்த்துத்தான் அறிக்கை எழுதப்பட வேண்டும்.

இதிலே மனம் வேகும் விஷயம் ஒன்று உண்டு. தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் கேட்டு நாம் இதே மலையைக் காட்டினோம். "சரிவு கூடிய இடம், தர முடியாது" என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. சரி, ஏற்றுக்கொண்டோம். நம் வீட்டுக்குச் சரிவான மலை, கேரவனுக்கு மட்டும் எப்படிச் சமதரை ஆனது? மலை பாதுகாப்பானது என்று அறிக்கை வந்தால், நம் வீட்டு விண்ணப்பத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். ஆபத்தானது என்று வந்தால், இரண்டுக்கும் ஆபத்துத்தான். ஒரே மலைக்கு இரண்டு நியாயம் இருக்க முடியாது.

நான்காவது: பாதை

பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் நடக்கும் பாதையும், கொழுந்து லொறி போகும் பாதையும், இனி கேரவன் ஏறப்போகும் பாதையும் ஒன்றுதான். முடக்குகளில் இரண்டு முச்சக்கர வண்டிகளே விலக முடியாது. காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரையும், பாடசாலை விடும் நேரத்திலும் பெரிய வாகனம் ஏறவோ இறங்கவோ கூடாது என்று நிபந்தனை வேண்டும். விலகும் இடங்களை யார் செலவில் அமைப்பது என்று எழுத வேண்டும். கோயிலுக்கும் மயானத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதை பூங்கா எல்லைக்குள் போகிறது என்று தெரிகிறது. அதற்கு வேலி போடக் கூடாது. நடுச்சாமத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறுக்கு வழியும் அதுதான்.

வேலை பற்றி இளைஞர்களிடம்

தம்பி தங்கைகளே, உங்கள் பேச்சை ஒதுக்கவில்லை. வேலை வேண்டும். ஆனால் எந்த வேலை? பருவ காலத்தில் மூன்று மாதம் கூப்பிட்டு, மழை தொடங்கியதும் நிறுத்திவிடும் கைக்காசு வேலையா? நியமனக் கடிதம் இருக்கிறதா? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டுவார்களா? அறை துடைக்கும் வேலை மட்டும்தானா, வரவேற்பிலும் சமையலிலும் வழிகாட்டியாகவும் பயிற்சி கொடுத்து எடுப்பார்களா?

இதைச் சபை அனுமதியில் நிபந்தனையாக எழுதுவது கஷ்டம். சபை பார்ப்பது இடத்தையும் கட்டடத்தையும். வேலைக்கு நடத்துநரோடு சங்கம் எழுத்து மூல உடன்படிக்கை செய்ய வேண்டும். அதைக் கேட்க நல்ல நேரம் அனுமதிக்கு முன்புதான். அனுமதி கையில் வந்த பிறகு நம் கதவைத் தட்ட அவர்களுக்கு அவசரம் இருக்காது. ஆகவே வேலை கேட்பவர்களும் தண்ணீர் கேட்பவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்தால் இரண்டு பேருமே தோற்போம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்போம்.

இனி என்ன செய்வது?

ஒன்று, தகவல் கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம், வரைபடம், மண்சரிவு அறிக்கை, காணிச் சம்மதக் கடிதம் ஆகியவற்றின் பிரதி கேட்கிறோம். இது பிரஜைகளின் உரிமை. அங்கத்தவரில் முக்கால்வாசிக்குக் குறையாதோர் பிரஜைகளாக உள்ள அமைப்பும் கேட்கலாம், ஆகவே சங்கமும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட உடனே பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேலே ஆணைக்குழு உண்டு.

இரண்டு, சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் நம் கேள்விகளைக் கடிதமாகக் கொடுப்பது. தமிழில் எழுதுவோம், தமிழில் பதில் கேட்போம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. பிரதேச செயலாளருக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பிரதி. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைப்போம்.

மூன்று, சபை உறுப்பினர்களைப் பார்ப்பது. எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம், எல்லோரையும் பார்ப்போம். சுற்றாடல் விடயங்களுக்குச் சபையில் ஒரு நிலையியற் குழு உண்டு. குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணையும் ஒரு ஆணையும் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.

நான்கு, இடத்தைப் பதிவு செய்வது. ஊற்று எங்கே, கான் எங்கே, நிலத்தில் வெடிப்பு எங்கே, பாதை எங்கே என்று ஒரு படம் வரைவோம். கவ்வாத்து வெட்டிய பெரியவர்களும் படம் எடுக்கத் தெரிந்த இளைஞர்களும் சேர்ந்து போக வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். கோபத்தில் யாரும் அந்த ஆப்புகளைப் பிடுங்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாடு வந்தால் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். ஆப்பு இருக்கட்டும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே நமக்கு ஒரு சாட்சி.

இவ்வளவும் செய்தும் அனுமதி கொடுத்துவிட்டால்? அப்போதும் கதவு மூடவில்லை. நிபந்தனை மீறினால் முறையிட உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார், சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகும்போது முதல் கேள்வி, "நீங்கள் அப்போதே எழுத்தில் சொன்னீர்களா?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்று நாம் எழுதப்போகும் கடிதம்.

இந்தக் கூட்டத்தின் முன் நான்கு தீர்மானங்கள் வைக்கப்படுகின்றன. பீலிக்கு வரும் ஊற்றைத் தொடாமலும், கழிவுத் திட்டத்தை வரைபடத்தில் காட்டியும் அன்றி அனுமதி வழங்கக் கூடாது. லயங்களையும் சேர்த்த மண்சரிவு அறிக்கை வரும் வரை மண் வெட்டக் கூடாது. பாடசாலைப் பாதையும் கோயில், மயானப் பாதையும் அனுமதிப்பத்திரத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்கான வேலை எழுத்து மூல உடன்படிக்கையாக வேண்டும், அதே மலையில் கேட்ட வீட்டு நிலம் மறுபடி பரிசீலிக்கப்பட வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் கை உயர்த்துங்கள். பிறகு லயத்துக்கு லயம் கையெழுத்து வாங்குவோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேட்டு லயத்துப் பீலியடியில் கூடுவோம். நோட்டும் பேனையும் கொண்டு வாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி வாருங்கள், கடிதத்தில் கையெழுத்தோடு அதுவும் வேண்டும்.